சீர் வந்த செம்புக் குழாய்

எங்கள் வீட்டில் ஓர் ஆகாய விமானம் பறக்காமல் போனதற்கு எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. சர்க்காரையும் குறை சொல்ல முடியாது. அனுமதி கேட்டால்தானே மறுப்பார்கள் என்பது அப்பாவின் கட்சி. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாய்தான் அதைத் தரையிலேயே உட்கார வைத்தது. குழாய் கிடைக்கவில்லையா என்றால், வேண்டிய மட்டும் கிடைத்தது. எதைப் போடுவது என்றுதான் எங்கள் குடும்பத்தால் முடிவு செய்ய முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா உலகச் சண்டைக் காலத்தில் பெங்களூர்ப் பக்கம் விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். சண்டை முடிந்து ஊர் திரும்பியவர்கள் கம்பளியும் டிரங்குப் பெட்டியும் கொண்டு வந்தார்கள். அப்பா, பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்ட இடத்தில் பழைய எஞ்சின் ஒன்றையும் சக்கரங்கள் இரண்டையும் எடுத்து, பருத்தி லாரியில் ஏற்றிக்கொண்டு காமயகவுண்டன்பட்டிக்கு வந்து இறங்கினார். அம்மா ஆலம் கரைத்த தட்டோடு வாசலில் நின்றாள். ஆலத்தை மனிதருக்குச் சுற்றுவதா, எஞ்சினுக்கும் சேர்த்துச் சுற்றுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாகச் சுற்றிக் கொட்டினாள்.

பருத்திக் கொட்டகையைக் காலி செய்து அப்பா வேலையைத் தொடங்கினார். மரச்சட்டத்தில் இறக்கை செய்து, காடாத் துணியை இழுத்து ஒட்டி, வார்னிஷ் பூசினார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இரண்டு பேர் உட்காரலாம் என்றும், அவருக்கு அடுத்து அதில் ஏறப் போவது நான்தான் என்றும் சொல்லியிருந்தார். குமுளி மலை வரைக்கும் போய்த் திரும்புவோம் என்று நான் பள்ளிக்கூடத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பேர் அதற்காக என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஆகவே இந்த விஷயத்தில் என் மானமும் மாட்டிக்கொண்டிருந்தது.

பறக்கிற சாமானுக்குப் பிரேக் எதற்கு என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. பறப்பதைவிட இறங்கி நிற்பதில்தான் ஆபத்து அதிகம் என்று அப்பா சளைக்காமல் விளக்குவார். காலால் மிதியை அழுத்தினால், அங்கிருந்து எண்ணெய் ஒரு குழாய் வழியே ஓடிப்போய்ச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். குழாய் விரிசல் விட்டால் எண்ணெய் ஒழுகிப் போகும், மிதி தொளதொளத்துப் போகும், சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக இருந்த நீண்ட வயலில்தான் விமானம் ஓட வேண்டும். கோடையில் அது தரிசாகக் கிடக்கும். அந்த வயல் முடிகிற இடத்தில் சுற்றுச்சுவர் இல்லாத வட்டக் கிணறு ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

குழாய்க்கு மூன்று குணம் வேண்டும் என்பார் அப்பா. உள்ளே அழுத்தம் ஏறினால் உப்பக்கூடாது, வெளியே நடுக்கம் வந்தால் விரியக்கூடாது, எண்ணெய் பட்டால் ஊறக்கூடாது. வாய்ப்பாட்டுக்கு முன்னால் எனக்கு இது மனப்பாடமாகிவிட்டது. எண்ணெயிலும் அவருக்கு விதி உண்டு. இயந்திர எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும், விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்து ஊற்றினால்தான் ரப்பருக்கு நல்லது என்றார். எங்கள் வயிற்றைக் கழுவுவதற்கென்று அம்மா வைத்திருந்த விளக்கெண்ணெய் முழுவதும் கொட்டகைக்குப் போயிற்று. விமானத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

எஃகுக் குழாய்தான் சரி என்று அப்பா தொடக்கத்திலேயே முடிவு செய்து மதுரைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அது வந்து சேர்வதற்குள் பெரியப்பா குறுக்கே வந்தார். காற்றைத் தாங்குகிற சைக்கிள் ட்யூப் எண்ணெயைத் தாங்காதா என்பது அவருடைய யோசனை. உப்பும் என்று அப்பா சொன்னார். உப்பினால் கயிற்றைச் சுற்றிக்கொள்ளலாம் என்றார் பெரியப்பா. வயலில் பாதி அவருடையது. எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அதன் குணத்தைப் பார்த்துத் தேர்வானதாக எனக்கு நினைவில்லை. கொடுத்தவரின் உறவுமுறையைப் பார்த்துத்தான் தேர்வாகும். பெங்களூரில் வெள்ளைக்காரனிடம் முறைத்துக்கொண்டு வேலை பார்த்த அப்பா, அண்ணன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, ட்யூப்பை அறுத்துக் குழாயாக்கிக் கயிறு சுற்றினார்.

எஞ்சினை ஓட்டாமல், மாட்டைப் பூட்டி இழுத்து, சரிவில் விட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. அப்பா உள்ளே உட்கார்ந்தார். பெரியப்பா வெள்ளை வேட்டியோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் கூடவே நடந்தார், தன் யோசனை வேலை செய்வதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டுமாம். மாட்டை அவிழ்த்ததும் விமானம் சரிவில் உருண்டது. அப்பா மிதியை அழுத்தினார். எலியை விழுங்கின சாரைப் பாம்பு மாதிரி ட்யூப் ஓரிடத்தில் உப்பி, படாரென்று வெடித்தது. எண்ணெய் முழுவதும் பெரியப்பாவின் மேல். விமானம் அப்பாவோடு கிணற்றைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சக்கரம் எருக்குழியில் இறங்கியதால் சாய்ந்து நின்றது.

நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அம்மா வரப்பில் நின்றிருந்தாள். திரும்பி வீட்டுக்குப் போனாள். அன்றைக்குச் சோற்றில் உப்பு இல்லை. பாழாய்ப்போன வேட்டியை யார் துவைப்பது என்ற கவலையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே எஃகுக் குழாய் சாக்கில் சுற்றி பஸ் கூரையில் வந்து சேர்ந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதை அளந்து, வளைத்து, வாயை விரித்து மரையில் பொருத்தினால் ஒரு காலை நேர வேலைதான் என்றார். தாவணி போடாத வயதில் ஆகாயத்தில் ஏறிய முதல் பெண்பிள்ளை நான்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதோடு சங்கதி முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அடுத்த முகூர்த்த நாளில் ஜெயமங்கலத்திலிருந்து மாமா வந்தார்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். மேளத்தோடு வந்தார். தேங்காய், பழம், வெற்றிலைத் தட்டுகளுக்கு நடுவில் ஒரு பெரிய தாம்பாளம். அதில் புளி போட்டுத் தேய்த்த செம்புக் குழாய் சுருட்டி வைத்திருந்தது. அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தார்கள். கூட வந்த சொந்தக்காரர்கள் புதுவீட்டுக்குச் சீர் கொண்டுவருகிறவர்களைப் போல வரிசையாக வந்தார்கள். பின்னால் ஊரே வந்தது.

“எங்க வீட்டுப் பொண்ணு வாழுற வீட்டுல மொதமொதலா ஒரு பறக்குற வண்டி செய்யிறாக. பொறந்த வீட்டு மொறைய நாங்க செய்யாம இருப்பமா மாப்ளே” என்று சொல்லித் தாம்பாளத்தை நீட்டினார் மாமா. லாரிகளில் இந்த மாதிரிக் குழாய்தான் போடுகிறார்கள் என்று பெரியகுளத்தில் ஒரு டிரைவர் சொன்னாராம்.

அப்பா தாம்பாளத்தை வாங்கினார். வாங்காமல் இருக்க முடியாது. பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்பினால் அம்மாவையே திருப்பி அனுப்பினதாக ஆகும். விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது அப்பா மெதுவாகப் பேச்சை எடுத்தார். செம்பு பார்க்க இளக்கமாக இருக்கும், ஆனால் எஞ்சின் நடுக்கத்தில் ஆட ஆட இறுகிப்போய், ஒரு நாள் பட்டென்று விட்டுவிடும் என்றார். ஒரு செம்புக் கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்தார். முதலில் வாழைநார் மாதிரி வளைந்த கம்பி போகப் போக முரண்டு பிடித்து, முறிந்தது.

“நீங்க வேணும்னு ஒடிக்கிறீக” என்றார் மாமா. “ஓடுற வண்டி கொழாய எதுக்கு வளைக்கப் போகுது?”

“நடுங்குறதும் வளைக்கிறதுதான் மச்சான். கொஞ்சங் கொஞ்சமா வளைக்குது.”

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கட்சி வேறு. செம்பு சுத்தமான உலோகம், கோயில் கலசம் செம்பு, கும்பத்துக்குச் செம்பு, இரும்போ சனியனுக்கு உரியது, நல்ல காரியத்துக்கு யாராவது தட்டில் இரும்பை வைத்துக் கொண்டுபோவார்களா என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஏரில் இருப்பது இரும்பு, எஞ்சின் முழுக்க இரும்பு, அவர் வந்த பஸ்ஸே இரும்பு. இதை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிற பெண்ணை எந்த வீட்டில் கட்டிக்கொள்வார்கள் என்று பதில் வந்தது.

அப்பா விடவில்லை. எஞ்சினோடு வந்த பழைய செம்புக் குழாய்த் துண்டு ஒன்றில் எண்ணெய் நிரப்பி, எஞ்சின் மேலேயே கட்டி, காலையெல்லாம் ஓட விட்டார். கொட்டகை ஓடுகள் குலுங்கின, பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. கடைசியில் எஞ்சினை நிறுத்திப் பார்த்தபோது, குழாயின் விரித்த வாய்க்குக் கீழே, கழுத்தில், ஒரு மயிரிழை விரிசல். அதிலிருந்து எண்ணெய் வியர்த்துக்கொண்டிருந்தது. அப்பா அதைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். மாமா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “இது கடைச் செம்பு மாப்ளே. நான் கொண்டாந்தது சீர்ச் செம்பு” என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? சீர்க் குழாயை வெட்டிச் சோதிக்கலாம் என்று அப்பா சொன்னதும், சீரை வெட்டுவதா என்று அம்மா எழுந்தாள். சீர்க் குழாயை விமானத்தின் மூக்கில் அலங்காரமாகச் சுற்றிவிட்டு, பிரேக்குக்கு எஃகைப் போடலாமே என்று அப்பா இறங்கி வந்தார். “கால் கொலுச மூக்குல மாட்டச் சொல்றாக அண்ணே, கேட்டுக்கங்க” என்றாள் அம்மா. தன் அண்ணன் கொண்டுவந்தது சேராத வண்டி இந்த வாசலைத் தாண்டினால், தான் ஜெயமங்கலம் போகிற வண்டியில் ஏறிவிடுவதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்பாவிடம் நேராகப் பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். “குழம்பு வேண்டுமா” என்பதைக்கூடச் சுவர்தான் கேட்டது.

மாமா ஊருக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். வந்தால் சாயங்காலம் சண்டை. அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், கதவோரம் அம்மா. உப்புதல், விரிதல், ஊறுதல் என்று அப்பா பாடம் நடத்துவார். கலசம், கும்பம், சனி என்று மாமா பாடம் நடத்துவார். மாமா சற்றுத் தளர்ந்தால் அம்மா உள்ளிருந்து ஒரு வார்த்தையைப் போடுவாள், அடுப்பில் சுள்ளி போட்ட மாதிரி மறுபடி பற்றிக்கொள்ளும். மேற்கே மலையில் மழை இறங்கத் தொடங்கிவிட்டது. பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வயலில் உழவு தொடங்கிவிடும். சேற்றில் விமானம் ஓடாது. பெரியப்பா நாற்றங்காலுக்கு விதையை ஊற வைக்கிறதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தாலே பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அடுப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மாமாவும் அம்மாவும் பேசுவது கேட்டது.

“போதும் ஆத்தா” என்றார் மாமா. “மாப்ள சொல்றதுல நாயம் இருக்கு. விரிசல நானே கண்ணால பாத்தேன். இரும்பையே போடட்டும்னு சொல்லிர்றேன்.”

“சொன்னீகன்னா எம் மொகத்துல முழிக்காதீகண்ணே. தண்ணி தொறக்குற வரைக்கும் செம்புதான்.”

“ஊரே என்னையக் கிறுக்கன்னு சொல்லுது.”

“சொல்லட்டும்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. மாமா ஒப்புக்கொண்டுவிட்டார், அம்மாதான் விடமாட்டேன் என்கிறாள். வீம்புக்கு ஒரு எல்லை வேண்டாமா? மொச்சையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன்.

அப்பா எஃகுக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு, துருப் பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது: அளவெடுத்து வளைத்து, வாய் விரித்து, மரை போட்டு எல்லாம் முடிந்திருந்தது. மாட்டி முடுக்க வேண்டியதுதான் பாக்கி. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வேண்டுமென்றே செய்கிறாள், தண்ணீர் திறக்கிற வரைக்கும் இழுத்தடிக்கச் சொல்கிறாள், மாமாவுக்கு எஃகு போடுவதில் சம்மதம்தான் என்றேன்.

“தெரியும் ஆத்தா” என்றார்.

“தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு தெனமும் சண்ட போடுறீக?”

அவர் குழாயை ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் துணியால் துடைத்தார். “போயி மாமாவுக்கு மோர் கொண்டாந்து குடு. தொண்ட காஞ்சு போயிருப்பாக” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் போட்ட சண்டை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை. செம்பின் குணம் என்ன, எஃகின் குணம் என்ன, பெங்களூரில் எந்த விமானம் எப்படி நின்றது என்று கையை வீசி வீசிப் பேசினார். மாமாவும் சளைக்கவில்லை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்பா சொன்ன ஒவ்வொன்றுக்கும் சுவரிடம் பதில் சொன்னாள். கடைசியில் வழக்கம்போல அப்பா தோற்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குழாய் ஆயத்தமாக இருக்கிறது, மாமா சம்மதித்துவிட்டார், வயல் காய்ந்து கிடக்கிறது. எழுந்து போய் மாட்ட வேண்டிய மனிதர் கலசத்தைப் பற்றித் தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர் வந்தது. பெரியப்பா ஏரைப் பூட்டினார். மாமா ஊருக்குப் போய் அந்த மழைக்காலம் முழுவதும் திரும்பி வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு காரியத்துக்குக் கிளம்பும்போது, போகாதே என்றோ, ஏதாவது ஆகிவிட்டால் என்றோ சொல்லக்கூடாது. வாயில் வந்தது பலித்துவிடும் என்பார்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு சொல்லை எங்கள் பெண்கள் யாரும் நாக்கில் வைத்ததில்லை. புருஷன் கிணற்றில் விழுந்துவிடுவான் என்ற பயத்தை, அந்தப் பயத்தின் பெயரைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? அம்மாவுக்குச் சொல்வதற்குச் செம்புதான் கிடைத்தது. அவளுக்குச் செம்பும் தெரியாது, எஃகும் தெரியாது. நாள் கடந்தால் போதும். அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று அப்பாவுக்கு எப்போது புரிந்ததோ தெரியாது. புரிந்தபின் அவரும் செம்பைப் பற்றியே பேசினார். நேராகக் கேட்டிருந்தால் அவள் பயமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள், அவர் பறந்தே ஆக வேண்டியிருந்திருக்கும். இதையெல்லாம் எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் முதல் தடவை கப்பல் ஏறக் கிளம்பி, நான் அவருடைய பெட்டி சரியில்லை, பூட்டு சரியில்லை என்று மூன்று நாள் சண்டை போட்டபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

ஆனால் அந்த வருஷம் நான் கண்டதெல்லாம் இவ்வளவுதான். முதல் தண்ணீர் பாய்ந்த அன்று அப்பா வயலிலிருந்து முழங்கால்வரை சேறோடு வந்தார். அம்மா குடத்தைக் கொண்டுவந்து அவர் காலில் தண்ணீர் ஊற்றினாள்.

“அடுத்த கோடைக்குப் பாத்துக்குவம்” என்றார் அப்பா.

“அடுத்த கோடைக்கு எங்கண்ணே பித்தளக் கொழாய் கொண்டாராகளாம்” என்றாள் அம்மா. சுவரைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னாள்.

பித்தளைக்கு என்ன கேடு என்று அப்பா அங்கேயே, ஈரக் காலோடு, விளக்கத் தொடங்கினார். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டு சிரித்தாள். என் விமானம் போயிற்று, என் மானம் போயிற்று, இந்த நேரத்தில் இவர்களுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று நான் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ரொம்ப நேரம் ஆகியும் என்னைச் சமாதானப்படுத்த அவர்களில் ஒருவரும் வரவில்லை.